ஆளுக்கொரு நியாயம்

வாங்கம்மா. சுகாதார இணை இயக்குநர் ஆபீஸ்தானே? லெட்டர் வந்துச்சு. இந்தச் சேர்ல உக்காருங்க. அது வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். பூரணம், அம்மாவுக்கு மோர் கொண்டா. அவ என் வீட்டுக்காரி. நடுவுல நடுவுல வந்து எதாச்சும் சொல்லுவா. அதையெல்லாம் வாக்குமூலத்துல சேத்துக்காதீங்க. புகார்தாரர் நான் ஒருத்தன்தான்.

பேரு தவசிலிங்கம். வயசு அறுபத்தெட்டு. பஞ்சாலையில முப்பத்தோரு வருசம். அதுல பத்தொன்பது வருசம் சங்கத்துச் செயலாளர். எதுக்குச் சொல்றேன்னா, நான் சும்மா வாய்க்கொழுப்புல பெட்டிஷன் போடுற ஆள் இல்லை. எங்க மில்லு கேன்டீன்ல சூப்பர்வைசருக்குப் பெரிய டம்ளர், தொழிலாளிக்குச் சின்ன டம்ளர்னு வச்சிருந்தாங்க. பதினேழு நாள் ஸ்ட்ரைக் பண்ணினோம். பதினெட்டாம் நாள் எல்லாருக்கும் ஒரே டம்ளர்னு ஆர்டர் வந்துச்சு. சின்ன டம்ளர்தான். ஆனா ஒரே டம்ளர். அதாம்மா வெற்றி.

அப்பேர்ப்பட்ட ஆளை அந்த அரசாஸ்பத்திரி வார்டுல கொண்டு போட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

ஐப்பசி மாசம் எனக்குக் கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. விரலை வச்சு அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்கும். நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும். டாக்டர் பாத்துட்டு, இருதயம் சரியா வேலை செய்யலை, உடம்புல தண்ணி தேங்குது, படுத்துருங்கன்னாரு. ஆண்கள் வார்டு, ஏழாம் நம்பர் கட்டில். அங்கதான் அந்த ஹெப்சிபா சிஸ்டர். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கண்ணாடி போட்டிருக்கும். நடந்தா சத்தமே வராது. திரும்பிப் பாத்தா பக்கத்துல நிக்கும்.

வந்த அன்னைக்கே ஒரு பாட்டில் தண்ணியை என் தலைமாட்டுல வச்சுச்சு. ஒரு லிட்டர் பாட்டில். மேல பிளாஸ்திரி ஒட்டிக் கோடு கோடா போட்டிருந்துச்சு. "அய்யா, ஒரு நாளைக்கு இவ்வளவுதான். காப்பி, மோர் குடிச்சாலும் இதுல கழிச்சிருவேன்"னுச்சு. சரி, ஆஸ்பத்திரியில தண்ணிப் பஞ்சம் போலன்னு நினைச்சேன். நமக்குத் தெரியாத பஞ்சமா?

அரை மணி நேரம் ஆகலை. பக்கத்துக் கட்டில் காஜா மைதீன் பாய்க்கு மூணு பாட்டில் கொண்டாந்து வரிசையா வைக்குது! மூணு! பாய் பாத்திரக்கடை வச்சிருக்காரு. கிட்னியில கல்லு. அவர் வேண்டாம் வேண்டாங்கிறாரு. "குடிங்க பாய். சாயங்காலம் வந்து பாப்பேன், மூணும் காலியா இருக்கணும்"னு அதட்டுது. கேக்கிறவனுக்கு இல்லை, வேண்டாங்கிறவனுக்குத் திணிப்பு. நீங்களே சொல்லுங்க, இதுக்குப் பேர் என்ன?

அன்னைக்கே நான் நோட்டு ஒண்ணு எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டேன்.

எதிர்க் கட்டில்ல சீனிராஜ்னு ஒருத்தர். லாரி செட்டுல மேனேஜர். பேரு சீனிராஜ், வியாதியும் சீனி. காலையில அவருக்கு ஊசியைப் போட்டு, காப்பியில சீனி கூடாதுன்னு சொல்லிட்டுப் போகுது இந்த சிஸ்டர். நான் நேரத்தோட எழுதிக்கிட்டேன். பதினொரு மணிக்கு அதே சிஸ்டர் எங்கருந்தோ ஓடியாந்து, அவர் விரல்ல குத்தி மெசின்ல பாத்துட்டு, ஒரு டம்ளர் தண்ணியில நாலு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கி, தானே குடிக்க வைக்குது! அதே ஆள், அதே நாள், அதே சிஸ்டர்! காலையில கூடாதுன்னு சொன்ன சட்டம் பதினொரு மணிக்கு எங்க போச்சு?

விடுவேனா? கேட்டேன்.

"அய்யா, அவருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. பேச்சு குழறுச்சு. சீனி ரொம்பக் குறைஞ்சிருச்சு"ன்னுச்சு.

"வேர்த்தா சீனியா? போன வாரம் கரண்ட் போயி வார்டுக்கே வேர்த்துச்சே, எல்லாருக்கும் குடுத்தியா?"

அது சிரிச்சிட்டுப் போயிருச்சு. அதிகாரிகள் சிரிக்கும்போதுதாம்மா நாம ஜாக்கிரதையா இருக்கணும்.

இதே மாதிரி பல. எனக்கு ரெண்டு தலையணை வச்சு உக்கார வச்ச மாதிரி படுக்கப் போடும். ரத்த அழுத்தம் குறைஞ்சு வந்த ஒருத்தருக்கு அதே ரெண்டு தலையணையைக் காலுக்கு அடியில வைக்கும். ஒருத்தரை எந்திரிக்கவே கூடாதுங்கும், இன்னொருத்தரைப் படுத்தே கிடக்காதீங்கன்னு பிடிச்சு நடக்க வைக்கும். ஒரு விதிமுறை கிடையாது. ஆளைப் பாத்து ஒரு நியாயம். நான் நேராவே கேட்டேன், "தாயி, இந்த வார்டுல எல்லாருக்கும் பொதுவா ஒரு சட்டம் உண்டா இல்லையா?" அது யோசிச்சுப் பாத்துச்சு. "கை கழுவிட்டுச் சாப்பிடணும் அய்யா, அது எல்லாருக்கும் பொது"ன்னுச்சு. நக்கலு.

அதுக்கப்புறந்தான் நோயாளிகள் நலச் சங்கம் ஆரம்பிச்சேன்.

சங்கம்னா, ஆறு பேர். சீனிராஜ் பொருளாளர். காஜா பாய் துணைத் தலைவர். எங்ககூட ஞானதிரவியம்னு ஒருத்தர் இருந்தாரு, பதினொண்ணாம் நம்பர் கட்டில். எழுபத்திரண்டு வயசு. அச்சாபீஸ்ல நாப்பது வருசம் புரூஃப் பாத்தவரு. காலண்டர்ல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அவர் கண்ணுல படாம எதுவும் அச்சேறாது. நெஞ்சுல சளின்னு வந்து படுத்திருந்தாரு. காலையில பேப்பர் வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, அதுல இருக்கிற தப்பையெல்லாம் திருத்தித்தான் எங்களுக்கு வாசிக்கக் குடுப்பாரு. எந்தத் தப்பும் அவருக்குப் பொறுக்காது. நான் எழுதுன முதல் அறிக்கையில ஒன்பது இடத்துல சுழிச்சாரு. "தோழர், 'சமத்துவம்' சரியா எழுதத் தெரியாம எப்படித் தோழர் அதைக் கேப்பீங்க?"ன்னாரு. அவரைச் செயற்குழு உறுப்பினரா போட்டேன்.

கூட்டம் போட்டோம். தீர்மானம் எளிமையானது. சங்கத்துல இருக்கிற ஆறு பேருக்குச் சேத்து ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வருதோ, அதைக் கூட்டி ஆறால வகுத்து எல்லாருக்கும் சமமா குடுக்கணும். வகுத்துப் பாத்தா ஆளுக்கு ஒண்ணே முக்கால் லிட்டர். அடுத்து, வீட்டுலருந்து வர்ற பலகாரமும் சமம். இதுல சீனிராஜுக்கு ரொம்ப உற்சாகம். அவருக்குப் பக்கத்துக் கட்டில்காரருக்கு தினம் அதிரசம் வரும்.

தீர்மானத்தை எழுதி, புரூஃப் பாக்க ஞானதிரவியத்துக்கிட்ட குடுத்தேன். வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கிப் பாத்தா ஒரு சுழி இல்லை. ஆஹா, நம்ம எழுத்து தேறிருச்சுன்னு எனக்கு ஒரே சந்தோசம். அவர் கண்ணை மூடிச் சாய்ஞ்சிருந்தாரு. ஓட்டெடுப்பு நடக்கும்போதும் தூங்கிட்டிருந்தாரு. எதிர்ப்பு சொல்லலை. அதனால ஆதரவுன்னு எழுதிக்கிட்டேன். தீர்மானம் ஏகமனதா நிறைவேறுச்சு.

மத்தியானம் சிஸ்டர் மருந்து வண்டியோட வந்துச்சு. நான் எந்திரிச்சு நின்னு, முறைப்படி வாசிக்க ஆரம்பிச்சேன். பாதி வாசிக்கல. அது என் தோளுக்கு மேல எட்டிப் பேப்பரைப் பாத்துச்சு.

"அய்யா, இதை ஞானதிரவியம் அய்யா பாத்தாரா?"

"பாத்தாரு. ஒரு தப்பு இல்லை."

"ரெண்டாவது வரியில ஒற்று விட்டிருக்கு. 'சமத்துவ'த்துல த்-ஐயே காணோம். அவர் பாத்துட்டு விட்டாரா?"

"தூக்கக் கலக்கத்துல இருந்தாரு..."

நான் சொல்லி முடிக்கல, வண்டியை அப்படியே விட்டுட்டு ஓடுச்சு. நான் தீர்மானத்தோட நிக்கிறேன், சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்கில்ல? அது ஞானதிரவியத்தைத் தட்டுது, கூப்பிடுது. அவர் கண்ணைத் தொறந்து "ம்"னாரு, மூடிக்கிட்டாரு. தலைமாட்டுல அன்னைக்குப் பேப்பர் மடிச்சது மடிச்சபடி இருக்கு. சிவப்புப் பேனா மூடி தொறக்கல. "ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிங்க அய்யா, இறுக்கிப் பிடிங்க"ன்னுச்சு. வலது கை நழுவி விழுந்துச்சு.

டாக்டர் வந்தாரு. சின்ன வயசு, நல்ல பையன். மெசினைப் பாத்தாரு. "பிரசர் சரியா இருக்கு, நாடி சரியா இருக்கு, காய்ச்சல் இல்லை. வயசானவர், அசதியில தூங்குறாரு. எதுக்கு சிஸ்டர் பதட்டப்படுறீங்க?"

"டாக்டர், இவர் தப்பைப் பாத்தா தூங்குற ஆள் இல்லை. ஒற்று விட்டிருக்கு, திருத்தலை."

டாக்டர் பேனாவைச் சட்டைப் பையில சொருகிட்டாரு. "சிஸ்டர், ஒற்று விட்டதுக்கு நான் ஸ்கேனுக்கு எழுத முடியாது."

"வலது கை பலம் குறைஞ்சிருக்கு, அதை எழுதுங்க. ஒற்று விட்டதை நான் என் குறிப்புல எழுதிக்கிறேன்."

இத்தனை நாள் சத்தமில்லாம நடந்த பொம்பளை, அன்னைக்குக் குரலை உயர்த்திப் பேசுச்சு. எழுதலேன்னா பெரிய டாக்டர் வீட்டுக்கே போன் பண்ணுவேன்னுச்சு. ஞானதிரவியம் மகளுக்கு ஆள் அனுப்பிக் கேட்டா, மூணு வாரத்துக்கு முந்தி குளியல் அறையில வழுக்கித் தலை இடிச்சிருக்காரு, லேசான அடிதானேன்னு யாருக்கும் சொல்லல. ஸ்கேன் எடுத்தா மண்டைக்குள்ள ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு கட்டி நிக்குது. அன்னைக்கே மதுரைக்குக் கொண்டு போயி ஓட்டை போட்டு எடுத்தாங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எந்திரிச்சிருக்கவே மாட்டாருன்னு சொன்னாங்களாம்.

எட்டாம் நாள் மொட்டைத் தலையோட திரும்பி வந்து, என் தீர்மானத்தைக் கேட்டு வாங்கிப் பதினாலு சுழி போட்டுக் குடுத்தாரு.

ஊரே சிஸ்டரைக் கொண்டாடுது. சரி, கொண்டாடட்டும். ஆனா ஒண்ணு கேக்கிறேன். அந்தத் தீர்மானத்தை எழுதினது யாரு? ஒற்றை விட்டது யாரு? நான் ஒழுங்கா எழுதியிருந்தா அதுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? அதைப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை? போகட்டும்.

விசயத்துக்கு வர்றேன். சிஸ்டர் தீர்மானத்தைக் கேக்காம ஓடிருச்சு. மறுப்பும் சொல்லல. மறுப்பு இல்லேன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம். அன்னைக்கே அமல்படுத்துனோம்.

எப்படின்னா, அது வந்து பாக்கும்போது என் பாட்டில்ல கோடு சரியா இருக்கும். நான் குடிச்சது பாய் பாட்டில்ல. பாய்க்கும் சந்தோசம், அவர் சுமை குறைஞ்சுச்சு. சீனிராஜ் அதிரசம் வாங்கித் தலையணைக்கு அடியில வச்சுத் தின்னாரு. ரெண்டு நாள் அந்த வார்டுல ஒரு ஏற்றத்தாழ்வு கிடையாது. நான் நெஞ்சை நிமித்தி நடந்தேன்.

மூணாம் நாள் காலையில பாய் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அல்லான்னு கத்துறாரு. கல்லு நகந்துருச்சாம். சீனிராஜுக்கு மெசின்ல நம்பரே வரலை, "ஹை"ன்னு இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுது. எனக்கு ஒண்ணும் இல்லை. சொல்லப்போனா எனக்குத்தான் ஒண்ணுமே இல்லை.

சிஸ்டர் பாயைக் கவனிச்சிட்டு இருக்கும்போதே திரும்பி என்னைப் பாத்துச்சு. நேரா வந்து, "அய்யா, ஏன் செருப்பைப் பாதி மாட்டிருக்கீங்க?"ன்னுச்சு.

"வார் இறுகிப் போச்சு."

"நேத்து?"

"நேத்து சரியாத்தான் இருந்துச்சு."

பாட்டிலை எடுத்துப் பாத்துச்சு. கோடு மேல கோடு சரியா இருக்கு. "இவ்வளவு கச்சிதமா யாரும் குடிக்க மாட்டாங்க அய்யா"ன்னு எடை மெசின்ல ஏத்துச்சு. மூணரைக் கிலோ கூடியிருக்கேன், ரெண்டே நாள்ல. அந்த மெசின் மேல எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் புகார்ல எழுதியிருக்கேன், ஏழாவது பத்தி.

இறங்கும்போதுதான் வந்துச்சு. எப்படிச் சொல்ல? தண்ணிக்குள்ள மூக்கை மூடி முக்குற மாதிரி. படுத்தா மூச்சு இல்லை, உக்காந்தா மூச்சு இல்லை. நெஞ்சுக்குள்ள கொதிக்கிற சோறு மாதிரி சத்தம். பயந்தேன்னு எழுதாதீங்க. பயப்படலை. பூரணம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்னு பாய் சொல்றாரு. அது பொய்.

சிஸ்டர் என்னை நிமித்தி உக்கார வச்சு, கால் ரெண்டையும் தொங்கப் போட்டு, மூக்குல மாஸ்க்கை மாட்டுச்சு. மாட்டுனதே நான் பேசக் கூடாதுன்னுதான், எனக்குத் தெரியாதா? கையில ஊசி போச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள எல்லாம் எடுத்துத் தயாரா வச்சிருந்துச்சு. ஒரு கை என் நாடியில, இன்னொரு கையால என் கையைப் பிடிச்சுக்கிச்சு. நான் மாஸ்க்குக்குள்ளயே சொன்னேன், "இது... பழி வாங்கல்... உன் மேல... மேலிடத்துக்கு..."

அது என் காதுகிட்ட குனிஞ்சு, "அய்யா, நீங்க பொழைச்சு வந்து என் மேல பெட்டிஷன் எழுதுங்க. நானே பேப்பர் வாங்கித் தர்றேன். இப்ப மூச்சை மட்டும் விடுங்க. விடுங்க... இழுங்க... விடுங்க..."

ரெண்டு மணி நேரம் அம்மா. விடுங்க, இழுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கலை. என் கையையும் விடலை. தண்ணி தண்ணியா இறங்குச்சு, மூச்சு வந்துச்சு.

ஆக, பெட்டிஷன் எழுதச் சொன்னது அது. பேப்பரும் அதுதான் குடுத்துச்சு, கோடு போட்ட பேப்பர். எழுதுனது மட்டுந்தான் நான். ஞானதிரவியம் புரூஃப் பாத்தாரு. அதனாலதான் உங்க ஆபீஸ்ல ஒரு பிழை கண்டுபிடிச்சிருக்க முடியாது.

இதான் நடந்தது. இப்ப நடவடிக்கை என்னன்னு சொல்லுங்க.

என்னது?

மாத்தலா? யாருக்கு?

மலை மேல இருக்கிற ஆஸ்பத்திரிக்கா? எதுக்கு? என் புகாராலயா?

இருங்கம்மா, இருங்க. பேனாவை மூடாதீங்க. நான் எங்க மாத்தச் சொன்னேன்? சமமா நடத்தணும்னு சொன்னேன். பொதுவா ஒரு சட்டம் வேணும்னேன். ஆளை மாத்துன்னு ஒரு வரி காட்டுங்க பாப்போம். அங்க கொண்டு விட்டா வியாழக்கிழமை வியாழக்கிழமை செக்கப்புக்கு இங்க யாரு... இல்லை, எனக்காகச் சொல்லலை. பாய் வர்றாரு. சீனிராஜ் வர்றாரு. நாங்க பதினஞ்சு பேர் வர்றோம். புதுசா ஒரு ஆள் வந்து எங்க செருப்பைப் பாக்குமா?

பூரணம், நீ உள்ள போ. என்ன சொன்னே? அதை எழுதாதீங்கம்மா. அந்தப் பிள்ளை இல்லேன்னா இவர் இல்லைன்னு அவ சொல்றது வாக்குமூலம் இல்லை. வீட்டுப் பேச்சு. அழாதடி. அம்மா முன்னாடி என்ன இது.

வாபஸா? வாபஸ் வாங்குறதா? பத்தொன்பது வருசத்துல நான் ஒரு கோரிக்கையைக்கூட வாபஸ் வாங்குனது இல்லை. வாங்க மாட்டேன். எழுதிக்கோங்க: புகார்தாரர் தன் புகாரில் உறுதியா இருக்காரு. ஆனா விசாரணை நடக்கும்போது சம்பந்தப்பட்ட ஆளை இடம் மாத்தக் கூடாது. எங்க மில்லுல அப்படித்தான். உங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் இருக்கணும், போயி ரூல் புத்தகத்தைப் பாருங்க. விசாரணை முடியிற வரைக்கும் அது அதே வார்டுலதான் இருக்கணும். சரியா?

முடியிற வரைக்கும்.

ஆனா விசாரணை இன்னும் முடியலையேம்மா. நீங்க கேட்டது பழைய புகார். புதுசு நிறைய இருக்கு. மோரைக் குடிங்க. புதுப் பக்கம் திருப்புங்க.

போன வியாழக்கிழமை செக்கப்புக்குப் போனேன். வாசல்ல நூறு பேர் கூட்டம். நான் கடைசியில நிக்கிறேன். அந்த சிஸ்டர் கதவுல இருந்து தலையை நீட்டி, என் முகத்தை ஒரு தடவை பாத்துட்டு, அத்தனை பேர் முன்னாடி, "அய்யா, நேத்து கருவாடு சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குது. தொட்டுப் பாக்கல, மெசின் வைக்கல. முகத்தைப் பாத்தே! ஒரு குடிமகன் நேத்து என்ன தின்னான்னு முகத்தைப் பாத்துச் சொல்ல எந்தச் சட்டத்துல இடம் இருக்கு?

சாப்பிட்டேன்னு எழுத வேண்டாம். கேட்டுச்சுன்னு மட்டும் எழுதுங்க.

எழுதிட்டீங்களா? நிதானமா எழுதுங்க, எனக்கு அவசரம் இல்லை. சரி, அடுத்த புகார்.